படம் ஓடாத சீடி

அலுவலகக் கணினி பழசு. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ஆயத்தப் பிரதி அதில் ஓடாது; மூலநிரலிலிருந்துதான் (source code) நிறுவ முடியும். இரண்டு நாள் நெட் கஃபேயில் தவம் கிடந்து இறக்கி எழுதிய மூலநிரல் சீடி, இன்று காலை துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் மாட்டியது.

"என்ன படம்?" என்றார் காவலர், அரைகுறைத் தமிழில்.

"படம் இல்லை சேர், சொஃப்ட்வெயர். ஆர், எப்ப, எதை மாத்தினதெண்டு பதிஞ்சு வைக்கும்."

சாவடியில் இருந்த வீடியோ பிளேயரில் போட்டுப் பார்த்தார். டிவியில் ஒன்றும் வரவில்லை.

"படம் இல்ல. நீ பொய்."

"உதில ஓடாது சேர், கம்பியூட்டரில..."

சீடியை இரண்டாக முறித்து என் கையிலேயே தந்தார். சேர் என்று கூப்பிட்ட என் வாயைத்தான் அடிக்க வேண்டும்.

யாரிடமாவது இன்னொரு பிரதி இருக்கிறதா? இருந்தால், முதலில் ஒரு சினிமாப் பாட்டையும் ஏற்றித் தாருங்கள்.