எத்தனை விரல்?

கண் பரிசோதிக்கிற உத்தியோகத்தில் முதலில் பழுதாகிறது பரிசோதிக்கிறவனின் வாய். காலையில் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் ‘இது தெரியுதா, அது தெரியுதா, இப்ப வடிவா இருக்கா, முந்தினது வடிவா’ என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்குப் போய் மனுசியிடம் ‘சோறு தெரியுதா?’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நாளும் உண்டு. யுத்தம் நடந்த காலத்தில் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கண் பிரிவில் எனக்கு இந்த வேலை. அங்கே தமிழ் கதைக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில். டொக்டர் ஏசினால் நோயாளிக்குத் தமிழில் ஏசவேண்டும். நோயாளி ஏசினால் டொக்டருக்குச் சிங்களத்தில் ஏசவேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரண்டு பாஷை தெரிந்த பாவத்துக்காக இப்படி மாட்டுப்பட்ட சக துன்பப்பிறவிகள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

டோர்ச் வெளிச்சம்

கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை செய்கிற மனிசர். யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தார். கழுத்துப்பட்டி எல்லாம் கட்டி, வெகு மரியாதையாக வந்து கதிரையில் உட்கார்ந்தார். கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க, அறையை இருட்டாக்கிவிட்டு முகத்துக்கு நேரே டோர்ச் அடிப்பது எங்கள் முறை. அடித்தேன். மனிசர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார். பார்த்தால் அடையாள அட்டை என் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, பழக்கதோசம் என்று வாங்கி மேசையில் வைத்துவிட்டு மற்றக் கண்ணுக்கு அடித்தேன். இந்த முறை, கொழும்பில் தங்குகிற தமிழர் கையோடு வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு வந்தது. ‘ஐயா, இது கண் கிளினிக். செக்பொயின்ற் இல்லை’ என்றேன். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவர் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “குறை நினையாதேங்கோ. மூஞ்சையில வெளிச்சம் அடிச்சா எல்லாரும் இதைத்தானே கேக்கிறவை.”

எங்கள் புதிய முன்னேற்றம்

எங்கள் புரொபெசர் தங்கமான மனிசன். ஆனால் அவருக்குச் செய்தி விசர். மாதாமாதம் ஒரு செய்தித்தாள் தயாரித்துச் சுவரில் ஒட்டுவார். எங்கள் பிரிவு என்ன கண்டுபிடித்தது, வெளிநாட்டில் என்ன புதுச் சத்திரசிகிச்சை வந்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அவர் இங்கிலிசில் எழுத, எங்கள் தாதி சுமணா மிஸ்ஸி சிங்களத்தில் எழுத, தமிழ் என் பாடு. ‘பெரிய நியூஸ் ஐசே, வடிவா எழுதும்’ என்று ஒவ்வொரு முறையும் முதுகில் தட்டுவார்.

ஒருமுறை செய்தி இது: இறந்தவர்கள் தானம் செய்த கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தை, பழுதாகாமல் முந்தியைவிடக் கூடுதல் நாள் வைத்திருக்க ஒரு புது மருந்துநீர் வந்துவிட்டது. நானும் வடிவாக எழுதி ஒட்டினேன். கொட்டாஞ்சேனை அந்தோனி அண்ணை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வெடுத்தவர், கண் அழுத்தத்துக்கு மருந்து விட வருகிறவர், நல்ல கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் முழுவதையும் உரத்து வாசித்தார். அந்தக் கிழமைதான் அவருடைய தெருவில் குண்டு வெடித்து, உடைந்த ஜன்னல் கண்ணாடி பொறுக்கின கையோடு வந்திருந்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “செத்தவன்ட கண் கெடாம இருக்கத் தண்ணி வந்திட்டுது. உசிரோட இருக்கிறவன் கெடாம இருக்க ஏதும் கண்டுபிடிச்சா அதையும் இதில ஒட்டுங்க தம்பி.”

ராசமணி அக்காவின் கணக்கு

செல் குண்டு விழுந்து மண்ணும் சிதறலும் அடித்து இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்த நிலையில் வன்னியிலிருந்து வந்தவ ராசமணி அக்கா. புருசன் இல்லை. தங்கச்சி கையைப் பிடித்துக் கூட்டிவருவா. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருவரும் இருந்தார்கள். எழுத்துப் பலகை தெரியாதவர்களுக்கு நாங்கள் விரலைக் காட்டித்தான் பார்ப்போம். ‘எத்தனை விரல்?’ என்று கேட்டேன். ‘கை ஆடுறது தெரியுது தம்பி. விரல் தெரியேல்ல’ என்றா. தானம் செய்த படலம் ஒன்று கிடைத்தால் வைத்துத் தைக்கலாம், காத்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

அவவுக்கு அவசரம். ஒரே மகன் ரூபனை ஒரு செக்பொயின்ற்றில் பிடித்து, வழக்கும் இல்லாமல் கொழும்புச் சிறையில் வைத்திருந்தார்கள். கிழமைக்கு ஒருக்கால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, தாய் மட்டும் கொஞ்ச நேரம் கதைக்கலாம்; தங்கச்சியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ‘நல்லா இருக்கிறன் அம்மா’ என்பானாம். குரலை நம்பி ஒரு தாய் எத்தனை மாதம் இருக்கமுடியும்? அடித்திருக்கிறார்களா, மெலிந்துவிட்டானா, ஒன்றும் தெரியாது. அவனுடைய முகத்தை ஒருதரம் தன் கண்ணால் பார்த்தால் போதும், அதற்குத்தான் கண் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டா. நான் செய்கிற பரிசோதனையை அங்கே மகனோடு விளையாட்டாகச் செய்து பார்த்ததாக அடுத்தமுறை வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னா: “விரலைக் காட்டு ராசா, நான் எண்ணுறன் எண்டன். நான் மூண்டு எண்டாலும் சரி எண்டுறான், அஞ்சு எண்டாலும் சரி எண்டுறான். கள்ளன்!”

கண் வந்திருக்கிறது

அவவுடைய முறை வந்தது. காலையில் படலம் வந்துசேர்ந்தது. மத்தியானத்துக்கு முன் அவ வராவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். லொட்ஜுக்குப் போன் எடுத்தால், விடியவே சுற்றிவளைத்து எல்லாரையும் பொலிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் தனியே போய்க் கேட்டால் என்னையும் அங்கேயே பிடித்து இருத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? சுமணா மிஸ்ஸி தொப்பியைக் கூடக் கழற்றாமல், ‘வாங்க, நான் கதைக்கிறேன்’ என்று முன்னால் நடந்தா.

பொலிஸில் ராசமணி அக்கா தங்கச்சியின் தோளைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தா. அவவின் பதிவு முந்தினநாளோடு முடிந்துவிட்டதாம். மிஸ்ஸி பொறுப்பதிகாரிக்கு முன்னால் போய் நின்று சிங்களத்தில் வெளுத்து வாங்கினா. ‘கண் வந்திருக்கிறது. ஆள் இங்கே இருக்கிறது. கண் கெட்டுப்போனால் நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா?’ அந்த மனிசர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, யாருடைய கண் என்று கேட்டார். ‘தெற்கில் இறந்துபோன ஒரு சிங்கள அம்மா தானம் செய்தது’ என்றா மிஸ்ஸி. அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் ராசமணி அக்கா தட்டுத்தடுமாறி வர, அவர் சிங்களத்தில் சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது: “கண்ணுக்குப் பதிவு தேவையில்லை. நாளைக்கு வந்து ஆளைப் பதியச் சொல்லுங்கள்.”

அண்ணை

சத்திரசிகிச்சை சரிவந்தது. முதல் சில கிழமை மங்கல்தான். பிறகு ஒருநாள் நான் வழக்கம்போலத் தள்ளி நின்று கையைத் தூக்கினேன். ‘ரெண்டு’ என்றா. மாற்றினேன். ‘நாலு’ என்றா. இன்னும் பின்னுக்குப் போனேன். அதையும் சொன்னா. புரொபெசர் ஓடிவந்து பார்த்துவிட்டு, இந்த மாதத்துச் செய்தி இதுதான் என்று துள்ளினார். ராசமணி அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தா. “குரலைக் கேட்டுத் தம்பி தம்பி எண்டு கூப்பிட்டன். இதென்ன கோதாரி, தலையெல்லாம் நரைச்சு எனக்கு அண்ணை மாதிரியெல்லோ இருக்கிறியள்!”

கம்பி வலைக்கு முன்னால்

அடுத்த கிழமை சிறைக்குப் போய்விட்டு நேரே கிளினிக்குக்குத்தான் வந்தா. அன்றைக்கு அவவுடைய முறை இல்லை. புரொபெசர் அனுப்பிய இங்கிலிஸ் செய்தியை வைத்துக்கொண்டு நான் ‘வெற்றி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். வந்து கதிரையில் இருந்தா. கண்ணுக்கு மருந்து விட்டதா, நோவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவ சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. ‘மகனைப் பார்த்தீர்களா அக்கா?’ என்று கேட்டேன்.

ஓம் என்று தலையாட்டினா. முகம் பரவாயில்லையாம். மெலிந்திருக்கிறானாம், தாடி வளர்ந்திருக்காம். அம்மாவுக்குக் கண் தெரிகிறது என்று சொன்னவுடன் அவன் சிரிக்கவில்லையாம், ஒரு அடி பின்னுக்குப் போனானாம். இதைச் சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தா. மிஸ்ஸி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா, குடிக்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு பாஷை தெரிந்து என்ன பிரயோசனம்? கடைசியில் அவதான் கதைத்தா. “விரலைக் காட்டு ராசா, இண்டைக்குச் சரியா எண்ணுவன் எண்டன், அண்ணை. ரெண்டு கையையும் பின்னால வைச்சுக்கொண்டு, ‘முந்தி மாதிரிச் சும்மா சொல்லுங்கோ அம்மா, சரியா இருக்கும்’ எண்டான்.”

அந்த மாதம் எங்கள் சுவரில் நான் தமிழில் எழுதி ஒட்டிய செய்தி, என் சக துன்பப்பிறவிகளே, இதுதான்: ‘சத்திரசிகிச்சை முழு வெற்றி, நோயாளியால் இப்போது விரல்களைத் தெளிவாக எண்ண முடிகிறது.’