சத்தம் விழாத பக்கம்

என் மாமா கலியாணம் முடித்த நாலாவது மாதம், மாமி சேலை அடுக்க ஒரு தட்டு வேண்டுமென்று கேட்டதற்காக வாங்கிவந்த மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஆணி அறைந்து, நுனிகளைச் சுற்றி நாலைந்து சுற்று வயர் இழுத்து, ஒரு அன்டெனா செய்துவிட்டார். தாள் ஒட்டாத பட்டம் போல அது ஹோலின் மூலையில் ஒரு ஸ்டூலின் மேல் நின்றது. மொட்டைமாடியில் நீளக் கம்பி கட்டியிருந்தால் இன்னும் நன்றாகக் கேட்குமாம். ஆனால் அந்த யுத்த வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் வீடொன்றின் கூரையில் விளங்காத கம்பி நிற்பது நல்லதல்ல. ஆகவே ஒரு சின்ன வளையம், வீட்டுக்குள், யன்னல் சீலைக்குப் பின்னால்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா சவூதியில். வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு மாதமேயான மாமி, ஒன்பது வயது நான். மாமிக்குத் தெரிந்த சிங்களம் ‘கீயத’ மட்டும். விலை கேட்கலாம், விலை சொன்னால் விளங்காது. காலி வீதியைத் தனியே கடக்கப் பயம். மாமா ஆறரைக்குக் கொட்டாஞ்சேனைக் கந்தோருக்கு பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் சாப்பாடு, சாப்பிட்டதும் நித்திரை. கதைப்பதென்றால் விடியற்காலைதான் இருந்தது. அந்த விடியற்காலையில்தான் மாமா ஹெட்போன் மாட்டினார்.

உலகம் முழுக்கத் தங்கள் தங்கள் அறைகளில் இருந்துகொண்டு ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிடும் பொழுதுபோக்காளர்கள் இருக்கிறார்கள். மாமாவுக்குப் பேச அனுமதி இல்லை, கேட்கலாம். இன்ன நேரம் உங்களைக் கேட்டேன் என்று கடிதம் எழுதினால் அவர்கள் ஒரு கார்ட் அனுப்புவார்கள். சுவரில் பதினொரு கார்ட் இருந்தது. பன்னிரண்டாவதாக மாமா விரும்பியது அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஒரு தீவில், அந்த ஒரு மாதம் மட்டும் தங்கி மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்த மனிதரை. அவர் தட்டிய எண்பது மீற்றர் அலைவரிசை பகலில் செத்துப்போகும், இருளில் மட்டும் ஓடும். சாவதற்குச் சற்று முன்னர், வானம் சாம்பல் நிறமாகும் அந்தக் கால் மணித்தியாலம், வற்றும் கடல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது போலப் பொங்கி வரும். அப்போதுதான் தீவு கேட்கும். மாதம் முடிந்தால் அந்த மனிதர் கப்பலேறிவிடுவார்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு சத்தம் வந்தது. டர்ர்ர். நிற்கும். மறுபடி டர்ர்ர். தீவை மென்று துப்பியது.

மாமா என்னிடம் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைத் தந்து துப்பறியும் வித்தையைச் சொல்லித்தந்தார். ரேடியோவைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு கோணத்தில் சத்தம் சட்டென்று அடங்கும். அப்போது அதன் நீட்டு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தக் கோட்டில்தான் கள்ளன். கோடு குறுக்காக ஓடி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் ஓய்வுபெற்ற ரயில் கார்ட். சிங்களவர், தமிழைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வருவது போலப் பேசுவார். மாமா அவருக்கு ‘மல்லி’, அதாவது தம்பி; தன் மனைவி ‘நோனா’. மதிலுக்கு மேலால் மாமா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நம்ம வீட்டில என்ன இருக்கு மல்லி? ஃபிரிட்ஜ் ஒண்டு, ஃபேன் ஒண்டு, நோனா ஒண்டு. எதை நிப்பாட்ட?”

மாமா சிரிக்கவில்லை. “ஃபிரிட்ஜை ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ அங்கிள்.”

மறுநாள் விடியற்காலை அங்கிள் மெயின் சுவிட்சையே நிப்பாட்டிவிட்டார். அவர் வீடு இருண்டது. மாமா ஹெட்போனை மாட்டினார், முகத்தைச் சுருக்கினார், கழற்றினார். மதிலின் மறுபக்கம் இருட்டிலிருந்து குரல் வந்தது.

“மல்லி! நிண்டதா?”

“இல்லை அங்கிள்.”

“அப்ப நோனாதான்!”

எனக்கு அப்போது ஒரு சந்தேகம். “மாமா, கோட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கெல்லோ? மற்றப் பக்கம் என்ன?”

“மற்றப் பக்கம் எங்கட வீடு, பிள்ளை,” என்றார் மாமா. அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது போல.

அடுத்த நாள் அவர் ஹெட்போனுக்குள் இருக்கையில் நான் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் நடந்தேன். ஹோலைத் தாண்ட ஒரு மடங்கு, குசினியைத் தாண்ட இன்னொரு மடங்கு என்று சத்தம் பெருத்தது. குசினிக்குப் பின்னால் சாமான் அறை. கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மாமி, அம்மாவின் தையல் மெஷினுக்கு முன்னால், வலது கால் மோட்டர் பெடலில். ஊசியில் நூல் இல்லை. ஊசிக்குக் கீழே துணியும் இல்லை. ஊசி வெறுமையைக் குத்திக் குத்தி எழுந்தது.

என்னைக் கண்டு மாமி காலை எடுத்தார். என் கையிலிருந்த ரேடியோவும் அடங்கியது.

“அவருக்குக் கேக்குதோ?”

“ஓம் மாமி. நல்லாக் கேக்குது.”

“என்ன சொல்லுறார்?”

“பக்கத்து வீட்டு நோனாவில பிழையாம்.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, எங்கோ பார்த்துச் சொன்னார்: “முதல் நாள் நான் உண்மையாத்தான் தைச்சனான், பிள்ளை. திடீரெண்டு காதில கிடந்ததைக் கழட்டிப்போட்டு எழும்பி வந்தவர். வந்து, ‘உமக்கும் கேட்டதோ?’ எண்டு என்னட்டைக் கேட்டவர். பிறகு தேத்தண்ணி குடிக்கும் மட்டும் அதைப் பற்றியே கதைச்சவர். சொல்லிப்போடாத, என்ன?”

சத்தியம் செய்தேன். செய்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. மாமாவுக்குக் கள்ளனைப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். மாமியைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. தீவு மனிதருக்கோ இன்னும் ஐந்து நாள். ஒன்பது வயதில் இரண்டு பெரியவர்களையும் ஒருசேரக் காப்பாற்ற ஆசைப்படுவது எத்தனை ஆபத்தான ஆசை.

ஸ்டூலில் மாமா சோக்கால் ஒரு கோடு போட்டிருந்தார். வளையத்தின் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்; விரல்கடை அசைந்தாலும் தீவு போய்விடும் என்று நம்பினார். ஆனால் டிரான்சிஸ்டர் எனக்கு வேறொன்றைக் காட்டித்தந்திருந்தது: இந்த வளையங்கள் பிடிப்பதில் தாராளம், விடுவதில்தான் கறார். பல திசைகளிலும் கேட்கும். ஒரே ஒரு கோட்டில் மட்டும் அடியோடு கேட்காது. மறுநாள் மாமா பல்விளக்கப் போன நேரத்தில், அவர் மேசையில் வைத்துப்போன ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் அமத்திக்கொண்டு, வளையத்தை மெல்லத் திருப்பினேன். ஹெட்போனுக்குள் சாமான் அறை அப்போதே உறுமத் தொடங்கியிருந்தது. சோக்குக் கோட்டைத் தாண்டி ஒரு சாண். வளையம் தன் முழு முகத்தையும் சாமான் அறைக்கு நேரே காட்டியபோது டர்ர்ர் கிணற்றுக்குள் விழுந்தது போலப் போனது. அடியிலிருந்து, நூல் போல, மோர்ஸ் எழுந்தது.

மாமா வந்து உட்கார்ந்தார். மேசை விளக்கின் வெளிச்சம் ஸ்டூலை எட்டாது. அவர் முதுகு நிமிர்ந்தது, பென்சில் ஓடியது. வானம் வெளிக்கும் நேரம் அவர் ஹெட்போனைப் பிய்த்தெறிந்துவிட்டு, “கேட்டிட்டன்! அக்கா, கேட்டிட்டன்!” என்று அம்மாவிடம் ஓடினார். சாமான் அறையிலிருந்து மாமி வெளியே வந்தார்.

“அந்தச் சத்தம்?” என்றார் மாமி.

“இண்டைக்கு ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! நோனா திருந்தியிட்டா,” என்றார் மாமா. மேசைக்குத் திரும்பிப்போய்க் கடிதம் எழுத உட்கார்ந்தார். தேத்தண்ணி அவர் பக்கத்தில் ஆறியது.

மாமி என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். உண்மைதானே, ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

மேலும் மூன்று விடியல்கள் மெஷின் ஓடியது. மாமா எழுந்து வரவில்லை. நாலாம் நாள் நான் சாமான் அறைக்குப் போனபோது மாமி பெடலில் கால் வைத்தபடி, மிதிக்காமல் இருந்தார்.

“இப்ப கேக்கிறேல்லையோ அவருக்கு?”

“இல்லை மாமி,” என்றேன், சந்தோஷம் தாங்காமல். “நீங்கள் என்ன செய்தாலும் கேக்காது. நான் திருப்பி வைச்சிட்டன்.”

என் சாமர்த்தியத்தை மெச்சி ஏதாவது சொல்வார் என்று கதவடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.