மழைப் பக்கம் பேசியவர்கள்

பேச்சு என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அய்யாவோடு வள்ளத்தில் போகத் தொடங்கியவன் நான். கடலில் அதிகம் பேச வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் மேடையேறிப் பேசினேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அது நடந்ததா, வள்ளத்தில் கண்ணயர்ந்தபோது கண்டதா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துவிடுகிறது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சுச் சங்கம் இருந்தது. தொண்டிக்கு அக்கம்பக்கத்துக் கரையோர ஊர்களையும் வெள்ளாமை செய்யும் அபிராமம் பக்கத்துச் சம்சாரிகளின் ஊர்களையும் சேர்த்து, அறுவடை முடிந்த மாதங்களில் சொற்போர் நடத்துவார்கள். சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் படிக்கிற பிள்ளை ஒருவர், படிப்பை விட்ட ஊர்க்காரர் ஒருவர் என்று இரண்டு பேர் பேச வேண்டும். படித்தவர்கள் மட்டுமே பேசினால் ஊர் தூங்கிவிடும் என்பது செயலாளரின் கணக்கு.

என் தங்கை அப்போது எட்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மேலே படிக்க ராமநாதபுரம் போய்க் கன்னியர் விடுதியில் தங்க வேண்டும். அவளுக்கு அந்த ஒரு ஆசைதான். அய்யா மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. தெரியாத ஊரில் பிள்ளை வாயடைத்துப் போய்விடுவாள் என்று பயந்தார். சங்கத்துக்காரர்கள் அவளைப் பேசக் கேட்டு வந்த அன்று ஒரு வார்த்தை சொன்னார்.

“நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னால நின்னு ஜெயிச்சுக் காட்டட்டும். அனுப்புறேன்.”

ஊர்க்காரராக அவளோடு சேர ஆள் வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், நான் தலையாட்டிவிட்டேன்.

தலைப்பு, வாழ்வுக்கு வேண்டியது மழையா வெயிலா என்பது. சீட்டுக் குலுக்கியதில் கருவாடு காயப்போடும் எங்களுக்கு மழை விழுந்தது. வானத்தைப் பார்த்தே வாழும் சம்சாரிகளுக்கு வெயில். இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். செயலாளருக்கு மட்டும் ஏகச் சிரிப்பு.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நான் கிழிந்த வலைக்கண் பொத்திக்கொண்டிருக்க, அவள் எதிரே மணலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவாள். ஆற்று வெள்ளம் கடலில் கலந்தால் இறால் பெருகும் என்று நான் ஒன்று சொல்வேன். அவள் அதை நாலாக விரிப்பாள். அவள் பேசப்பேச, வானம் வெறுமையாகக் கிடந்தாலும் எங்கோ தூறுவதுபோலவே இருக்கும். கடைசியாகச் சொல்ல ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. அய்யாவுக்குச் சொல்லக் கூடாது என்றாள்.

சொற்போர் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த மணல்வெளியில் நடந்தது. உள்நாட்டு ஊர்களிலிருந்து சனம் மாட்டுவண்டி கட்டி வந்திருந்தது. நடுவராகத் தொண்டியிலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்தார். மணியைத்தான் கொண்டுவர மறந்துவிட்டார்கள். பேசுகிறவருக்கு முதல் மணி அடித்தால் இன்னும் ஒரு நிமிடம், இரண்டாம் மணிக்கு இறங்கிவிட வேண்டும். செயலாளர் அங்குமிங்கும் அலைந்து, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கெஞ்சி, பூசை மணியை வாங்கி வந்தார். ஒரே பிடியில் நான்கு சிறு மணிகள் கோத்தது. அவர் உள்நாட்டுக்காரர், அவருக்கு அது வெறும் மணி.

முதலில் நான் ஏறினேன். இறாலைப் பற்றிச் சொன்னேன். குடிதண்ணீர் ஊற்றைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவும் மணிக்கு வெகுநேரம் முன்பே தீர்ந்துபோயிற்று. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்து எதிர்ப்பக்கத்துச் சம்சாரி, பெரிய மீசைக்காரர். பேசுமுன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தாயே, வாய்தான் பேசுது, மனசு பேசல. நீ பாட்டுக்கு வந்து பெய்யி” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மழையைத் திட்ட ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை. அப்போது முதல் மணி குலுங்கியது.

எங்கள் சனம் முழுவதும் தலை குனிந்தது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டார்கள். நானும் குனிந்திருந்தேன். பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்தும்போது அந்த மணி கேட்டால் குனிவோம், அடுத்த மணி கேட்கும்வரை நிமிர மாட்டோம். பிறந்ததிலிருந்து அப்படி. மீசைக்காரர் தன் பேச்சுக்குத்தான் கரை மொத்தமும் பணிந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஓங்கிப் பேசினார்.

இரண்டாம் மணிக்கு நிமிர்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இனிமேல் ஏமாறுவதில்லை என்றார்கள். அவர்கள் பக்கத்து மாணவன் பேசியபோது மணி அடித்தது. மறுபடியும் பாதிப் பேர் குனிந்தார்கள். தெரிந்தது மனசுக்குத்தான், கழுத்துக்குத் தெரியவில்லை.

கடைசியாக என் தங்கை ஏறினாள். அவள் பேச்சை இப்போது சொல் சொல்லாக நினைவுகூர முடியவில்லை. நினைத்தால் ஈரமண் வாசனைதான் வருகிறது. வண்டியில் சாய்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று கேட்டார்கள். நடுவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். அய்யா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவள் அவரைத் தேடிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தனியாக வைத்திருந்ததை எடுத்தாள்.

“மழ நாளுலதான் எங்க அய்யா...”

மணி குலுங்கியது. அவள் தலை குனிந்தது. கைகள் தாமாகக் கூடின. கரையே குனிந்தது. இந்த முறை உள்நாட்டுக்காரர்களும் ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று எழுந்து கைகட்டி நின்றார்கள். மீசைக்காரர்கூட. ஒரு சத்தமில்லை. அலை வந்து மணலில் படுத்துத் திரும்பும் ஓசை தெரிந்தது. பனை ஓலைகள் உரசின. மாடுகள் அசைபோட்டன. வெளிச்சம் மஞ்சளாகி அவள் பின்னிய சடைமேல் நின்றது. அவள் பேச வேண்டும், பேச வேண்டும் என்று எனக்குள் ஒருவன் கத்தினான். ஆனால் என் தலையும் நிமிரவில்லை. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிறகு இரண்டாம் மணி அடித்தது. எல்லோரும் நிமிர்ந்தோம். அவளுடைய நேரம் முடிந்திருந்தது.

நடுவர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். பேச்சில் கரை உசத்தி, ஆனால் முடிவுரை இல்லாத பேச்சை முழுப் பேச்சாக எடுக்க விதி இல்லை என்று வெயில் பக்கத்துக்குத் தீர்ப்பளித்தார். மீசைக்காரர் எங்களிடம் வந்து, மழையைத் திட்டி ஜெயித்தவன் எந்த முகத்தோடு ஊருக்குள் போவது என்று புலம்பினார். தங்கை சிரித்தாள். சிரித்து முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு ஈர மணல் ஓரமாகவே நடந்தோம். அய்யா முன்னால், அவள் நடுவில், நான் கடைசியில். கடல் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. திடீரென்று அய்யா நின்றார்.

“மழ நாளுலதான் எங்க அய்யான்னு நிறுத்துனியே. என்ன சொல்ல வந்த?”

“தோத்தாச்சுல்ல அய்யா. இனி எதுக்கு?”

“மணி அடிச்சதும் நானே குனிஞ்சுட்டேன். நீ எங்கிட்டுப் பேசுவ? சொல்லு தாயி.”

அவள் காலால் மணலைக் கிளறினாள்.

“மத்த நாளு நாங்க முழிக்கையில நீங்க கடல்ல இருப்பீங்க. வந்ததும் ஒறங்கிருவீங்க. மழ நாளுலதான் வீட்ல இருப்பீங்க. அன்னைக்குத்தான் உங்க முகத்தப் பாப்போம். அதான் மழ வேணும்னு சொல்ல வந்தேன்.”

அய்யா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கட்டிப்போட்ட வள்ளங்கள் ஆடிக்கொண்டிருந்தன. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினார். எங்கள் கால்தடங்களை அலை வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. சற்று தூரம் போனதும் திரும்பிப் பாராமல் என்னிடம் கேட்டார்.

“ஏலே, ஆஸ்டல்ல பெட்டி கேப்பாகளாமே?”

தகரப்பெட்டி தொண்டியில் கிடைக்கும் என்றேன்.

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டாள்.

“பச்சக் கலர்ல அய்யா.”

“பச்ச வெளுத்துரும். கறுப்பு வாங்கு.”

“பச்சதான்.”

வீடு வரும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.