பால்குடத்துக்குத் தள்ளிப்போன நாள்

வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். எந்த மனு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று தெரிந்தவள். மகளின் குழந்தைப்பேறு சிகிச்சையையும் அப்படித்தான் படித்துக்கொண்டேன். விலக்கான இரண்டாம் நாள் ஸ்கேன், அன்றே முதல் ஊசி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கருமுட்டை எடுப்பது. அந்த நாளில் மருமகன் ஊரில் இருந்தாக வேண்டும். அவனுக்கு உயிரணு குறைவு. முன்னதாக எடுத்து உறைய வைத்தால் தேறாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார்.

அவனுக்கு மஸ்கட்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு மாத லீவு. மகளுக்கு நாற்பது நெருங்குகிறது. அடுத்த லீவுக்குள் முட்டையே மிஞ்சாது என்று ரிப்போர்ட் சொன்னது. அதனால் அவளுக்கு விலக்கு வரவேண்டிய தேதியைப் பார்த்து அவனுக்கு டிக்கெட் போட வைத்தேன். பணியில் இருந்தபோதுகூட நான் ஒரு காரியத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

அவன் வந்தான். விலக்கு வரவில்லை. அதிசயமாக உண்டாகிவிட்டாளோ என்று நினைக்கவும் வழியில்லை, புருஷன் அப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியிருந்தான்.

"ஏண்டி, இன்னுமா வரல?"

"வராதும்மா. தள்ளிப்போட மாத்திர போட்டுக்கிட்டு இருக்கேன்."

திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு மருமகள் பால்குடம் எடுப்பாள் என்று சம்பந்தியம்மா வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தை வரம் கேட்டுத்தான். விலக்கானால் குடத்தைத் தொட முடியாது. கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரை அது.

"டாக்டர கேட்டியா?"

"சாமி காரியத்துக்கு டாக்டர எதுக்கும்மா கேக்கணும்? லீவுதான் ஒரு மாசம் இருக்குதே."

திருவிழா முடியும் வரை, பதினைந்து நாளுக்கு மேல், மாத்திரை. நிறுத்திய பிறகும் விலக்கு சில நாள் கழித்து, உடம்பின் இஷ்டத்துக்குத்தான் வந்தது. ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அவர் கணக்கில் முட்டை எடுக்கும் நாள், அவன் விமானம் ஏறிய பிறகு வந்தது.

"ஏம்பா, லீவ கொஞ்சம் நீட்டிக் கேளேன்."

"கேட்டுட்டேன் அத்த. வேற ஆளப் போட்டுடுவேன்றான் சூப்பர்வைசர்."

சம்பந்தியம்மா மட்டும் கலங்கவில்லை. "அம்மன் பாத்துக்குவா, கவலப்படாதீங்க" என்றார். அங்கே மேல்முறையீடு செய்யும் வழிமுறை எனக்குத் தெரியாது.

அவன் போன மறுவாரம் மகளும் நானும் டாக்டரைப் பார்த்தோம். "அவர் அடுத்த லீவுல வரட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டர், மகளின் முகத்தைப் பார்க்காமல். என் மேசைக்கு வந்த எத்தனையோ பேரை நானும் இதே சொல்லோடு, இதே மாதிரி குனிந்துகொண்டு அனுப்பியிருக்கிறேன்.

ஊர் திரும்பும் மரக்காணம் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உப்பு லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது.

"பார்க்கலாம்னு சொன்னாங்க இல்லம்மா?"

"சொன்னாங்க."

"அப்ப ஏதோ இருக்குது. இல்லனா சொல்லுவாங்களா?"

கண்டக்டர் வந்தார். இரண்டு மரக்காணம் என்றேன்.