தஸ்தகீர் பாயின் இனிக்காத சர்க்கரை

கள்ளக்குறிச்சி மாவட்டமாவதற்கு ரொம்ப வருஷம் முந்தி, சந்தை நாளில் எங்கள் கடைத்தெருவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வந்தவர்கள் இல்லை. தஸ்தகீர் பாயை வேடிக்கை பார்க்க வந்தவர்கள்! பக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த எனக்கு அதில் எரிச்சல்தான். ஆனாலும் என் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் போய் எட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு வியாபாரி அவர்.

பாயுடையது நாட்டு மருந்துக் கடை. கல்வராயன் மலையிலிருந்து பெருமாயி என்கிற அம்மா சிறுகுறிஞ்சான் இலையை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடி வாங்குகிற இலை. அதை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பாய் தெருவையே கட்டிப்போடுவார். முதலில் தானே ஒரு பிடி இலையை வாயில் போட்டு மென்று விழுங்குவார். பிறகு கூட்டத்தில் ஒருவரை இழுத்து மெல்ல வைப்பார். அப்புறம் அந்த ஆளின் வாயில் ஒரு கரண்டி சர்க்கரை.

"ஐயே, மண்ணு மாரி இருக்குதுங்க!" என்று அந்த ஆள் கத்துவார். கூட்டம் கைதட்டும்.

"நாக்குல இருக்கிற சர்க்கரைக்கே இந்தக் கதின்னா, ரத்தத்துல இருக்கிற சர்க்கரை இன்னா கதியாவும்?" என்று பாய் தாடியை நீவிக்கொள்வார். அது எந்தக் கணக்கோ தெரியாது, பொட்டலம் பறக்கும்!

பாய்க்கு ஒரே ஒரு குறை, வீட்டு டீ. அவர் சம்சாரம் மெஹ்ராஜ் பேகம் அக்கா கடைக்கு டீ கொண்டுவந்தால் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை கம்மி" என்பார். அக்கா மறுநாள் கூடப் போடுவார். அப்பவும் கம்மிதான். சந்தை இல்லாத நாளிலும் காலையிலிருந்து இலையை மெல்லுகிற வாய்க்கு எப்படி இனிக்கும்? ஊருக்கெல்லாம் செய்து காட்டுகிற மனுஷன் தன் டீ விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுவார். பழி அக்கா தலையில் விழும்.

அப்படிப்பட்டவருக்கே சர்க்கரை வந்தது. வெளியே தெரிந்தால் கடை என்ன ஆகும்? யார் கண்ணிலும் படாமல் சின்னசேலம் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். பாய் கொஞ்சம்கூடத் தயங்காமல் இல்லை என்றார். அவர் மனசில் அது பொய்யே இல்லை. இலை மெல்லுவது கடை வேலை, அதைப் போய் மருந்து என்று யாராவது சொல்வார்களா? வீட்டுக்கு வந்ததும், மாத்திரை விஷயத்தை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தின சந்தை. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம்! பாய் காலையில் மாத்திரை போட்டதோடு சரி, சாப்பிட நேரமில்லை. மத்தியானம் வரை ஓயாமல் இலையை மென்றுகொண்டே இருந்தார். திடீரென்று பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்கிச் சர்க்கரை கொட்டுகிறது, யாரையோ கண்டபடி திட்டுகிறார். ஜனம் அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று கைதட்டியது!

"பாய்க்கு இன்னாவோ ஆவுது!" என்று பெருமாயிதான் மூட்டையை விட்டு எழுந்தாள்.

அந்த நேரம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அக்கா, ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். சொம்புத் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிப் பாய் வாயில் வைத்தார். பாய் தூவென்று துப்பினார்.

"வெறும் தண்ணியக் குடுத்து ஏமாத்தறியா? சர்க்கரை எங்கடீ?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா அப்படியே நின்றார். சத்தியமா, புருஷனா என்று யோசித்தாரோ என்னவோ, அடுத்த நொடி தெருவே அதிரும்படி கத்தினார்:

"சிரிக்காதீங்க! அவரும் சர்க்கரை மாத்திரை போடறாரு! வேர்த்து நடுங்கினா சர்க்கரை குடுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு! யாராச்சும் புடிங்களேன்!"

சிரிப்பு அடங்கிப்போனது. நான் பாய்ந்து பாயைப் பிடித்து உட்கார வைத்தேன். "இனிக்கலன்னா போவட்டும், முழுங்குங்க! நாக்குக்குக் குடுக்கல, உசுருக்குக் குடுக்கறேன்!" என்று அக்கா அழுதுகொண்டே ஊற்றினார். பாய் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, "இன்னா இவ்ளோ கூட்டம்?" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது!

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாத்திரையின் வேகம் மறுபடி சர்க்கரையை இறக்கலாம் என்று அங்கேயே தங்க வைத்தார்கள். அக்கா இலை விஷயத்தையும் சொன்னார். "இலையும் சர்க்கரையக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும். வயித்தையும் காயப் போட்டீங்க. நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

அடுத்த சந்தைக்குக் கடை திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். திறந்தார்! ஒரு கையில் இலை, இன்னொரு கையில் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"நானும் மாத்திரை போடறவன்தான். இங்க வேற யாரு போடறீங்க?"

முதலில் பாயிடம் வருஷக்கணக்காக இலை வாங்குகிற சடையன் கையைத் தூக்கினார். பின்னால் இன்னொரு கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எத்தனை கை!

"எலை திங்கறத டாக்டர்கிட்ட சொன்னவங்க மட்டும் கைய எறக்காதீங்க."

எல்லாக் கையும் இறங்கியது.

"அப்ப உங்களுக்கு எலை கெடையாது. போய் டாக்டர்கிட்ட எலையக் காட்டிக் கேளுங்க. அவரு சரின்னா வாங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

"அப்ப என் மூட்டைய இன்னா பண்றது?" என்று பெருமாயி கத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது.

அன்றைக்குப் பாய் ஒரு இலைகூட மெல்லவில்லை. சாயங்காலம் அக்கா டீ கொண்டுவந்தார். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னா இது, பாயசமா? எனக்குப் போய் இவ்ளோ சர்க்கரை போட்டிருக்கியே!"

"ஒரு பொட்டுகூட போடலைங்க. பாலோட இனிப்புதான். இன்னிக்கு நீங்க எலை மெல்லலையே."

பாய் நம்பாமல் டம்ளரை என்னிடம் நீட்டினார். குடித்துப் பார்த்தேன். சர்க்கரையே இல்லை. நான் தலையாட்டியதும் அவர் அக்காவைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா உன்னத்தானே திட்டிக்கினு இருந்தேன்" என்றார்.