அரிசி கொண்டுவராத கப்பல்

திரிங்காப்புச் சந்தையில் முட்டைக்கோஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் என்னோடு இருபது ஆண்டுகள் பணியாற்றிய வரலாற்று ஆசிரியர் சுப்பையா சார் காலமானார். போனைப் பையில் போட்டுவிட்டுப் பேரத்தை முடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் கீரையும் இருந்தது. எப்போது வாங்கினேனோ தெரியவில்லை. அழுகை அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அவரிடம் படித்த எல்லோருக்கும் அந்தக் கப்பலைத் தெரியும். போர்க்காலத்தில் கடற்படை எடுத்துக்கொண்ட சின்ன நீராவிக் கப்பல். அதில் நிலக்கரி அள்ளிப் போட்டவர் சாரின் அப்பா. கடல் முற்றுகையில் அரிசி வராமல் ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தபோது, அது காவலுக்குத் தப்பி அரிசி கொண்டுவந்ததாம். வருடம் தவறாமல் வகுப்பில் சொல்வார்.

"இந்த வருஷம் எத்தனை மூட்டை சார்?" என்று கிண்டல் செய்வேன்.

"போன வருஷத்தவிட ரெண்டு கூட, டீச்சர்."

சார் ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பா எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. என் வீட்டு வாசலில் நின்றபடியே நீட்டினார். 'இன்றைக்கும் மூன்று அரிசிப் படகுகளைத் திருப்பி அனுப்பினோம். ஒன்றில் இருந்தவர்கள் எங்களைக் கும்பிட்டார்கள்.' முற்றுகைக்குக் காவல் நின்றதே அந்தக் கப்பல்தான்.

"செத்தவர் பேரை ஏன் சார் கெடுக்கணும்? விட்டுடுங்க" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்தது நான்தானே. நான்தான் போய்த் திருத்தணும்லா."

"போன்ல சொன்னா ஆகாதா?"

"வகுப்புல முகத்தப் பாத்துத்தான சொன்னேன், டீச்சர்."

போனார். மழையிலும் பஸ் ஏறி, பழைய மாணவர்களின் வீடு வீடாகப் போனார். லெம்பா பெர்த்தாமில் ஒருத்தி, உங்கள் அப்பா வெறும் கரி அள்ளியவர்தானே என்று சமாதானம் சொன்னாளாம். "அவர் அள்ளாட்டி கப்பல் நகர்ந்திருக்காதும்மா" என்றாராம். பிறகு முழங்கால் வீங்கிப் பயணம் நின்றது. கோலா தெர்லாவில் லாரி வைத்திருக்கும் முனியாண்டி ஒருவன்தான் பாக்கி என்று என்னிடம் சொன்னார்.

அந்த முனியாண்டிதான் இறுதிச் சடங்கில் எழுந்து பேசினான். "பசியில கெடந்த ஊருக்கு அரிசி கொண்டாந்தவரோட மகன் எங்க சார்" என்று சொல்லி விம்மினான். கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாரின் மகள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுவும், அவர் போகாமல் விட்ட ஒரு வீடும்தான். முனியாண்டி, இது அச்சாகி உன் கைக்கு வரும் முன்னே நான் வந்துவிடுவேன். வந்து, உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.