கொசுவலைக்குள் போன சிஸ்டர்

நான் இனித் தேற மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் முடிவு கட்டிவிட்டார்கள், அதனால்தான் நர்ஸ் என் பக்கம் வருவதில்லை என்று முழுதாக ஒன்றரை நாள் நம்பிக் கிடந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு ஹெர்னியா ஆபரேஷனுக்குப் படுத்துக்கொண்டு இப்படி நம்பியதை நானே எழுதிவிடுவது உத்தமம். என் மனைவி சொல்ல ஆரம்பித்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

என் நம்பிக்கைக்குக் காரணம் என் பிழைப்பு. பனியன் கம்பெனியில் இருபது வருஷமாகச் செக்கிங் மேசை என் பொறுப்பு. ஏற்றுமதிக்குப் போகிற நல்ல பீஸைக் கழுத்து, தோள், ஓரத் தையல் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போம். ஓட்டை விழுந்ததை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டால் அப்புறம் அதை ஒருவரும் தொடுவதில்லை. மேலே இருப்பது கப்பல் ஏறும், கீழே கிடப்பது கிலோக் கணக்கில் போகும். இந்த ஞானத்தோடுதான் வார்டில் படுத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர். டெங்கு. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. சிஸ்டர் மணிக்கொரு தரம் வந்து, வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். கையைப் பிடித்துப் பார்ப்பார், ரத்தம் எடுப்பார், இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடித்து முடிக்கிறவரை நிற்பார். தென்காசிப் பக்கத்துப் பெண். "கொஞ்சம் குடிங்க அண்ணாச்சி, எனக்காண்டி" என்பது என் காதில் விழும். எனக்காண்டி. என்னிடம் மூன்று நாளில் அவர் பேசியது, "மோஷன் போனீங்களா?"

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தாளுக்கு மட்டும் எத்தன கவனிப்பு பாத்தியா? என்னைய எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. டாக்டர் உங்கிட்டத் தனியா ஏதாச்சும் சொன்னாரா? மறைக்காமச் சொல்லு."

"சொன்னாருங்க. வாயக் கொஞ்சம் கொறச்சா சீக்கிரம் ஆறிருமாமா" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த இட்லியில் ஒன்றை எடுத்துத் தின்றாள். சாகப் போகிறவன் இட்லியை யாராவது எடுப்பார்களா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. துக்கத்தில் அவளுக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன்.

அவள் போனதும் வலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏனுங்ணா, உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்குதுங்க."

"என்னையப் பாத்தா?"

"ஆமாங்க. உங்கள ஆராச்சும் எழுப்பறாங்களா? கண்ண மூடுனா எனக்குக் குத்தறாங்க. கையி சல்லடையாப் போச்சுங்க."

வசதியுள்ளவன் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற பேச்சு என்றே அதை எடுத்துக்கொண்டேன். சிஸ்டர் மறுபடி வந்து அவர் வலையைத் தூக்கினார். இந்தத் தடவை அவர் காலையும் அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருக்குக் காலை அமுக்கி விடுகிறார்கள் என்பதுதான்.

"சிஸ்டர்," என்றேன், "நெஞ்சு வலிக்குதுங்க."

வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். "எங்க வலிக்கி? இங்கயா? கைக்கு எறங்குதா?" எங்கே காட்டுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. முதலில் வலப்பக்கம் காட்டினேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இடப்பக்கத்துக்கு மாற்றினேன். விரலில் கிளிப், கையில் பிரஷர் பட்டை, நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர்கள். டியூட்டி டாக்டரும் வந்துவிட்டார். ஆறு கட்டில் வார்டு முழுக்க என்னையே பார்த்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தப் பத்து நிமிஷம் பரம சுகம்.

ஒயரைக் கழற்றும்போது கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணுமே செய்ய முடியாதுன்னுதான விட்டுட்டீங்க?"

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "அண்ணாச்சி, அவருக்கு ரத்தத்துல தட்டணு எறங்கிக்கிட்டே போகுது. எந்நேரம் ரத்தம் கசியும்னு பயந்துக்கிட்டு ஓடுதோம். உங்களுக்குப் பாக்க என்ன இருக்கு? நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போகலாம்னு எழுதியே வச்சாச்சு. இப்பம் அத அடிச்சாச்சு."

"எதுக்குங்க அடிச்சீங்க?"

"நெஞ்சு வலின்னு சொன்ன ஆள எப்படி அனுப்ப?"

பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

என் நெஞ்சில் ஒன்றும் இல்லை, தையலும் ஒழுங்காக ஆறிக்கொண்டிருந்தது. மணிக்கொரு தரம் எழுப்பி, ஆறு மணி நேரத்துக்கொரு தரம் ரத்தம் எடுத்து, இரண்டு நாள் அதிகமாக வைத்திருந்து அனுப்பினார்கள். தறிக்காரருக்குத் தட்டணு ஏறி, எனக்கு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்.